படவணுக் குறைபாடு

படவணுக் குறைபாடு என்பது தட்டைத் திரைகளில் ஒரு படவணு, தனக்கு இடப்படும் கட்டளைக்கேற்ப நிறம் மாறாமல் ஒரே நிலையில் நின்றுவிடுவதைக் குறிக்கும். பிக்சல் என்று பரவலாக அறியப்படும் படவணு, திரையில் தோன்றும் படத்தின் மிகச் சிறிய புள்ளி ஆகும். பிரிதிறன் கூடும்போது படவணுக்களின் எண்ணிக்கையும் கூடுவதால், மடிக்கணினி வாங்குவோர் இவ்விரண்டையும் சேர்த்தே கருத வேண்டியுள்ளது.

காரணம்

நீர்மப் படிகத் திரையின் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று துணைப் படவணுக்களால் ஆனது. ஒவ்வொரு துணைப் படவணுவையும் கண்ணாடியின் மீது படியவைக்கப்பட்ட ஒரு மென்படல டிரான்சிஸ்டர் இயக்குகிறது. 1024×768 பிரிதிறன் கொண்ட திரையில் 23,59,296 துணைப் படவணுக்களும், 1920×1080 திரையில் 62,20,800 துணைப் படவணுக்களும் உள்ளன. பத்து இலட்சத்தில் ஒன்று பழுதாகும் எனக் கொண்டால், முதல் திரையில் சராசரியாக இரண்டும், அடுத்ததில் ஆறும் பழுதாக இருக்கும்.

வகைகள்

* ஒளிர் புள்ளி: படவணு முழுவதும் எப்போதும் ஒளிர்வது. கறுப்புப் பின்னணியில் தெளிவாகத் தெரியும்.
* இருள் புள்ளி: படவணு முழுவதும் எப்போதும் இருண்டிருப்பது. வெள்ளைப் பின்னணியில் தெரியும்.
* துணைப் படவணுக் குறைபாடு: ஒரு நிறம் மட்டும் அணையாமலோ ஒளிராமலோ நிற்பது.

மின்னழுத்தம் இல்லாத நிலையில் டி.என். வகைத் திரை ஒளியைக் கடத்தும், ஐ.பி.எஸ். வகைத் திரை ஒளியைத் தடுக்கும். ஆகவே மின்னழுத்தம் எட்டாத புள்ளி முன்னதில் ஒளிர்வாகவும் பின்னதில் இருளாகவும் தோன்றும்.

தரநிலை

ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற பன்னாட்டுத் தரநிலை (2001) திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் எக்குறைபாடும் ஏற்கப்படவில்லை. இரண்டாம் வகுப்பில் பத்து இலட்சம் படவணுக்களுக்கு 2 ஒளிர் புள்ளிகள், 2 இருள் புள்ளிகள், 5 துணைப் படவணுக் குறைபாடுகள் வரை ஏற்கப்பட்டன. இக்கணக்கின்படி 1920×1080 திரையில் சுமார் 4 ஒளிர் புள்ளிகள் இருந்தாலும் அது தரமான திரையே. 2008 இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசைத் தரநிலைகள் இதற்கு மாற்றாக வந்தன. உற்பத்தியாளர்கள் தத்தம் உத்தரவாத விதிகளில் தனி வரம்புகளை வைத்திருப்பதுண்டு. எனவே ஒரே ஒரு புள்ளிக்காகத் திரையை மாற்றித் தருவார்கள் என எதிர்பார்க்க இயலாது.

பிரிதிறன் தேர்வு

15.6 அங்குலத் திரையில் 1366×768 பிரிதிறன், ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 100 படவணுக்களையும், 1920×1080 பிரிதிறன் 141 படவணுக்களையும் தருகிறது. அடர்த்தி கூடினால், ண, ன போன்ற சுழிகள் கொண்ட எழுத்துகள் சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு படவணுவும் சிறிதாவதால் தனிப்புள்ளிக் குறையும் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. ஆனால் எழுத்துகள் சிறுத்துவிடுவதால் இயங்குதளத்தில் அவற்றின் அளவைப் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்காகப் பிரிதிறனைக் குறைப்பது சரியன்று. நீர்மப் படிகத் திரை தன் இயல்பான பிரிதிறனில் மட்டுமே முழுக் கூர்மையுடன் இயங்கும்.

சோதித்தல்

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரை முழுவதும் நிரப்பிப் பார்ப்பதே எளிய சோதனையாகும். மென்துணியால் துடைத்தால் நீங்குவது தூசியே. கடையிலேயே, அல்லது திருப்பித் தருவதற்கான காலவரம்புக்குள், இதைச் செய்துவிடுதல் நலம். அக்காலம் கடந்தபின் உத்தரவாத விதிகளில் உள்ள எண்ணிக்கையே முடிவு செய்யும்.

திருத்தும் முயற்சிகள்

ஒரு நிறத்தில் சிக்கிய துணைப் படவணு, நிறங்களை விரைவாக மாற்றிக் காட்டும் மென்பொருளால் சில வேளைகளில் மீள்வதுண்டு. இதற்கு உறுதி இல்லை. புள்ளியின் மீது அழுத்துவது அருகிலுள்ள படவணுக்களையும் சிதைக்கக்கூடும். டிரான்சிஸ்டரே பழுதாகியிருப்பின் திரையை மாற்றுவது ஒன்றே உறுதியான தீர்வாகும்.