சீஷன்

மாத்தூரில் மாடி அறைகளில் கூடும் சபைகளில் 'சீஷத்துவ வகுப்பு' என்பது பழகிய சொல். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அதற்குப் போவார்கள். அதே தெருவில் அமாவாசைப் படையல் போட்ட அம்மா, "படைச்சதச் சாப்பிட மாட்டேங்கிறான்" என்று வகுப்புக்குப் போகும் மகனைப் பற்றிக் குமுறுவார்.

சீஷன் வடமொழி 'சிஷ்ய'னிலிருந்து வந்த சொல். சைவ மடங்களில் அவன் சீடன், நன்னூலில் மாணாக்கன். பழைய வேதாகமம் 'சீஷன்' என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'சீடர்' என்கிறது. கிரேக்க மூலத்தில் 'மதேத்தேஸ்', அதாவது கற்பவன். சீஷத்துவம் என்ற பண்புப்பெயருக்கு நேரான சொல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் ஆட்கள்தான். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுவரை வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தத் தகப்பனின் இழப்பைக் காசிமேட்டு மீனவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் இந்தச் சொல் வீடுகளை உலுக்கிய ஆண்டு 1841. மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளியில் (பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது) ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பதறிய பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மதம் மாறியவன் குடும்பச் சொத்தில் உரிமை இழப்பான் என்ற நிலையை 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் மாற்றியது. பாகத்தைச் சட்டம் காப்பாற்றியது. பந்தியில் இடம் வாங்கித் தர அதனால் ஆகவில்லை.

பெற்றோரை வெறுக்காதவன் சீஷனாக முடியாது என்ற கடுமையான வார்த்தை லூக்கா 14இல் உண்டு. அதையே மத்தேயு 10, என்னைவிடப் பெற்றோரை அதிகம் நேசிப்பவன் எனக்குத் தகுதியானவன் அல்ல என்று சொல்கிறது. ஆகவே இங்கே பேச்சு முதலிடத்தைப் பற்றியது, பகையைப் பற்றியது அல்ல என்றே நான் வாசிக்கிறேன். மாற்கு 7 இன்னும் தெளிவு. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கண்டிக்கிறார். சம்பளம் வந்ததும் காணிக்கையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அம்மாவின் மருந்துச் சீட்டை மறந்துபோகிற பிள்ளைக்குச் சீஷத்துவ வகுப்பில் முதலில் நடத்த வேண்டிய பாடம் இதுதான். படையலைச் சாப்பிடாமல் இருப்பது அவன் மனசாட்சி. அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட அதில் எந்தத் தடையும் இல்லை.

வலையை விட்டுப் போன பேதுருவின் வீட்டில்தான் அவர் மாமியாரின் காய்ச்சல் குணமானது. பின்னாளில் அவர் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு ஊழியத்துக்குப் போனதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் குறிப்பிடுகிறார்.