ஆங்கிலத்தில் எழுதிய தமிழரும் தன்னடையாளத் தேடலும்

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையை அடுத்த ஆனைமலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை அமைந்துள்ளது. பாண்டிய அமைச்சர் ஒருவர் குடைவித்த அக்கோயிலில் கி.பி. 770ஆம் ஆண்டை ஒட்டிய இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழி. மற்றது வட்டெழுத்தில் பொறித்த தமிழ். வடமொழியில் அவ்வமைச்சர் மதுரகவி; தமிழில் மாறன்காரி. பணி முற்றுப்பெறுமுன் அவர் மறைந்ததையும், தம்பி மாறன் எயினன் அதனை நிறைவேற்றியதையும் தமிழ்க் கல்வெட்டு உரைக்கின்றது. ஒருவரே இரு மொழிகளில் இரு பெயரோடு நிற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆங்கிலக் கல்வி வேரூன்றிய காலத்தில் இந்நிலை மீண்டும் தோன்றிற்று. 1872இல் பிறந்த இருவர் இதற்குச் சான்றாவர். பழைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜம் அய்யர், 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதினார். மதுரைச் சீமையின் பேச்சும் நகைச்சுவையும் அதில் உயிர்பெற்றன. அவரே 1896இல் ‘பிரபுத்த பாரதா’ இதழின் ஆசிரியராகி, வேதாந்தத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். 1898இல் இளமையிலேயே மறைந்தார். வீட்டைப் பற்றிப் பேசத் தமிழ், உலகத்தோடு பேச ஆங்கிலம் என்னும் பிரிவு அவரிடம் தெளிவாகத் தெரிகின்றது.

பெருங்குளத்து அ. மாதவையாவோ அப்பிரிவைக் கடந்தார். 1903இல் வெளிவந்த அவரது ஆங்கில நாவல் ‘தில்லை கோவிந்தன்’, ஆங்கிலம் கற்ற அந்தண இளைஞன் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது. பிறந்த குலத்தின் வழக்கங்களுக்கும் கற்ற கல்விக்கும் இடையே தத்தளிக்கும் உள்ளமே அதன் பொருள். அத்தகைய நூலை ஆங்கிலத்தில் இயற்றியவர், 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வாதாடிய அன்றே, அவ்விடத்திலேயே உயிர்நீத்தார்.

திருப்பராய்த்துறையில் 1934இல் பிறந்த கவிஞர் ஆர். பார்த்தசாரதியிடம் இத்தத்தளிப்பு முதிர்ந்தது. 1977இல் வெளிவந்த அவரது ‘ரஃப் பேசேஜ்’ அயல்வாழ்வு, சோதனை, இல்லம் திரும்புதல் என மூன்று பகுதிகளாகச் செல்கின்றது. தாய்மொழியை விட்டு விலகியதன் வேதனையை அவர் ஆங்கிலத்திலேயே பாட நேர்ந்தது. 1993இல் சிலப்பதிகாரத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தது, இல்லம் திரும்பிய ஒருவரின் பணியே எனலாம்.

அக்காப்பியத்தின் மதுரைக் காண்டத்தில் ‘நீ யார்’ என மன்னன் வினவுகின்றான். கண்ணகி முதலில் தன் ஊரைக் கூறுகின்றாள். பின்னர்க் கணவனின் குடியைக் கூறுகின்றாள். தன் பெயரை இறுதியிலேயே சொல்கின்றாள். ஆங்கிலத்தில் எழுதப் புகும் தமிழரும் எதிர்கொள்ளும் வினா அதுவே. விடையை எம்மொழியிலும் கூறலாம். ஆயின் ஊரையும் குடியையும் மறந்தார்க்குக் கூற விடை இராது.