பிளாஸ்டிக் பீச்

பிளாஸ்டிக் பீச், பிரிட்டிஷ் மெய்நிகர் இசைக்குழுவான கொரில்லாஸின் மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பம். 2010 மார்ச்சில் பார்லோஃபோன் நிறுவனம் வெளியிட்டது. 16 உருப்படிகள் கொண்டது. விருந்தினர் குரல்களைக் கொண்டே கட்டப்பட்ட ஆல்பங்களில் இதற்கு இணையானது அரிது.

கார்ட்டூன் பாத்திரங்களைப் பாடகர்களாக நிறுத்துவது பழைய வழக்கம். 1958-இல் ஆல்வின் அண்ட் த சிப்மங்ஸ் அணில்கள் பாடின. 1969-இல் ஆர்ச்சீஸ் குழுவின் 'சுகர், சுகர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. திரையில் ஆர்ச்சியும் நண்பர்களும் வாயசைக்க, உண்மையில் பாடிய ரான் டான்டேயின் பெயர் அன்றைய ரசிகர்களில் பலருக்குத் தெரியாது. கொரில்லாஸ் இந்த வழக்கத்தை மாற்றியது. பிளர் குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்னும் 'டேங்க் கேர்ள்' சித்திரக்கதையின் ஓவியர் ஜேமி ஹியூலெட்டும் லண்டனில் ஒரே வீட்டில் வசித்தபோது எம்டிவி பார்த்துச் சலித்து 1998-இல் இக்குழுவைத் தொடங்கினர். 2-டி, மர்டாக், நூடுல், ரசல் ஆகிய நால்வரும் ஹியூலெட் வரைந்த குழு உறுப்பினர்கள். பாடவரும் விருந்தினர்களோ தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். இந்த ஏற்பாடுதான் குழுவின் பலம்.

ஆல்பத்தின் கரு, டெவன் கடற்கரை மணலில் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஆல்பர்ன் கவனித்ததில் பிறந்தது. கதைப்படி, நிலத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள நீமோ முனையில், குப்பை ஒன்றுசேர்ந்து உருவான தீவில் மர்டாக் குடியேறுகிறான். 2-டியைக் கடத்திவந்து பாடவைக்கிறான்.

அந்தத் தீவுக்கு வந்த விருந்தினர்களின் பட்டியல் வியப்பூட்டுவது. ஸ்னூப் டாக் சிகாகோவின் ஹிப்னாட்டிக் பிராஸ் அன்சாம்பிளுடன் வரவேற்புப் பாடல் தருகிறார். 'வைட் ஃபிளாக்' பாடலில் லண்டன் ராப் பாடகர்கள் கேனோ, பாஷி இருவருக்கும் முன்னும் பின்னும் அரபு வாத்தியக்குழு ஒலிக்கிறது. அப்பகுதி பெய்ரூட்டில் பதிவானது. லூ ரீட், மார்க் ஈ. ஸ்மித், டி லா சோல், ஸ்வீடனின் லிட்டில் டிராகன் ஆகியோரும் உண்டு. தலைப்புப் பாடலில் கிளாஷ் குழுவின் மிக் ஜோன்ஸ் கிதாரும் பால் சிமோனன் பேஸும் வாசித்தனர்.

எல்லோரையும் விஞ்சி நிற்பவர் பாபி வோமாக். கொரில்லாஸ் என்ற பெயரையே அதுவரை கேள்விப்படாத மூத்த சோல் பாடகர் அவர். 'ஸ்டைலோ' பாடலின் பதிவில், மனதில் தோன்றுவதைப் பாடும்படி சொன்னார்கள். காதலையும் அரசியலையும் கொட்டி ஒரு மணி நேரம் பாடிய நீரிழிவுக்காரரான அவருக்கு மயக்கம் வந்தது. உட்காரவைத்து வாழைப்பழம் கொடுத்தார்கள். அந்தக் குரலின் பதற்றம் பாடலில் அப்படியே கேட்கிறது. புரூஸ் வில்லிஸ் காரில் துரத்தும் காணொளியைவிட அதுவே மனதில் நிற்பது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆல்பம் இரண்டாம் இடம் பெற்றது. 2010 ஜூலையில், தன் சுற்றுப்பயணத்தின்போது, டமாஸ்கஸ் கோட்டையில் குழு கச்சேரி நடத்தியது. ஜோன்ஸும் சிமோனனும் அந்தச் சுற்றுப்பயணத்தில் மேடையேறினர். குழுவின் மிகச் சிறந்த படைப்பு இந்த ஆல்பமே. முந்தைய ஆல்பமான 'டீமன் டேஸ்' (2005) அதிகம் விற்றிருந்தாலும், கதையும் விருந்தினரும் இவ்வளவு பொருந்தியது இதில்தான்.

வோமாக்கின் 2012-ஆம் ஆண்டு ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஆல்பர்னும் ஒருவர். பின்னர் கொரில்லாஸின் ஹ்யூமன்ஸ் (2017), சாங் மெஷின் (2020), கிராக்கர் ஐலண்ட் (2023) ஆகியவையும் விருந்தினர்களோடு வந்தன. கடைசியாகச் சொன்னது பிரிட்டனில் முதலிடம் பெற்றது.