தலைக்கணக்கும் கூடைக்கணக்கும்: செங்கல்பட்டுக் கடலோரக் காய்கறிக் கூட்டுறவும் அரசு மானியமும்

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் முதலில் அமைந்த வேளாண் கடன் சங்கம் திரூரில் தோன்றியது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அச்சட்டத்துக்கு வழிகோலிய பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை (1895, 1897) ஜெர்மனியில் ரைபைசன் வளர்த்த கிராமச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டது. எல்லை சிறிதாக இருக்க வேண்டும், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே ரைபைசன் முறையின் உயிர்நிலை. இன்று உழவர் கூட்டமைப்புகளுக்கு மானியம் வழங்கும் திட்டங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான திசையில் செல்கின்றன. நெல்லுக்கோ பருப்புக்கோ இதனால் பெரிய கேடில்லை. காய்கறிக்கு உண்டு.

ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தைப் பார்ப்போம். சமவெளியில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் ரூ.18 லட்சம் வரை கிடைக்கும். சராசரியாக மாதம் ரூ.50,000. உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகைக்கு ஈடாகத் தலைக்கு ரூ.2,000 வரை, மொத்தம் ரூ.15 லட்சத்துக்கு மிகாமல், பங்கு மானியம் தரப்படும். அந்த ரூ.15 லட்சத்தை முழுதாகப் பெற 750 பேர் தேவை. ஆக, மானியத்தின் அளவைத் தீர்மானிப்பது ஆள் எண்ணிக்கை. விளைச்சலுக்கும் விற்பனைக்கும் அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

தமிழக அரசு 2017-18இல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டம் இதைவிட நுட்பமானது. 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழு, அத்தகைய ஐந்து குழுக்கள் சேர்ந்த 100 பேரின் உழவர் உற்பத்தியாளர் குழு, அதற்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி என்பது அதன் அமைப்பு. 20 பேர் என்ற அலகை இனங்கண்டதே பெரிய காரியம். ஆனால் பணம் 100 பேர் மட்டத்தில்தான் வந்து சேர்ந்தது. அதுவும் பண்ணை இயந்திரம் வாங்குவதற்காக. ஏரிப்பாசன நெல் வயலுக்கு இயந்திரம் பொருந்தும். திருக்கழுக்குன்றம் வட்டத்துக் கடலோர மணற்பாங்கில் வெண்டையும் கத்தரியும் கீரையும் போடுபவருக்கு அது எந்த அளவு உதவும்?

காய்கறியின் இடர் அறுவடையில் தொடங்குகிறது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கீரை மாலைக்குள் வாடும். பறித்ததை விற்றாக வேண்டும், விற்ற காசு கையில் வந்தாக வேண்டும், ஏனெனில் பறித்த ஆளுக்குக் கூலி அன்றே கொடுக்க வேண்டும். மண்டிக்காரரின் பலம் இங்கேதான் இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் அவர் முன்பணம் தருகிறார். சரக்கு அவருக்கே போகிறது. விலையையும் அவரே சொல்கிறார். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது நம் கட்டுரைகளில் ஒரு வழக்கம். உண்மையில் உழவருக்கு மிகத் தேவையான ஒன்றை அவர் செய்கிறார்: பயிர் மண்ணில் இருக்கும்போதே பணம் தருகிறார். ஆகவே ஒரு காய்கறிக் கூட்டுறவு போட்டியிட வேண்டியது அவருடைய பணப்பையோடு. அதற்குத் தேவை, கொண்டுவந்த கூடைக்கு அன்றே காசு கொடுக்கும் சுழல்நிதி. பிறகு ஒரு தராசு, சில பிளாஸ்டிக் கிரேட்டுகள், வாடகைக்கு ஒரு குட்டியானை. டிராக்டர் இப்பட்டியலில் வராது.

ஒரே சந்தையை நம்பியிருப்பதன் விலை 2020 மே மாதத்தில் தெரிந்தது. கொரோனாத் தொற்றால் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, வணிகம் திருமழிசைக்கு மாறியது. வேறு வாங்குபவர் இல்லாத உழவருக்கு அந்த மாதங்களில் மாற்று வழியே இல்லை.

வாங்குபவர் உறுதியாக இருந்தால் ஏழை எளியோரின் கூட்டுறவும் நிலைக்கும் என்பதற்கு இதே கடற்கரையில் சான்று உண்டு. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து நச்சுமுறி மருந்து தயாரிப்போருக்கு விற்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் இழந்தவர்கள் உருவாக்கிய சங்கம் இது. நாற்பதாண்டுகளைத் தாண்டி அது நிற்பதற்குத் தொடக்க மானியத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. வனத்துறையின் அனுமதியும், அந்தச் சரக்கு இல்லாமல் இயங்க முடியாத வாங்குபவர்களும்தான் காரணம். காய்கறிக்கு அப்படியொரு தனியுரிமை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் உறுதியான வாங்குபவரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பார் இடம்பெறுகிறது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். விளைவிப்பவரும் சமைப்பவரும் பல ஊர்களில் ஒரே தெருவில் இருக்கக்கூடும். இருவரையும் இணைக்கும் கொள்முதல் விதிதான் வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி மூடும், உண்மைதான். ஆனால் விளைச்சலில் ஒரு பங்குக்கு நிலையான வாங்குபவர் இருந்தாலே மீதிக்கு மண்டியில் பேரம் பேசும் தெம்பு வரும்.

அடுத்த சிக்கல் நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிலத்தின் விலையை விளைச்சல் தீர்மானிப்பதில்லை. மனைக்கென வாங்கியவர் வெளியூரில் இருப்பார். பயிர் செய்பவரிடம் வாய்மொழிக் குத்தகை மட்டுமே இருக்கும். குத்தகையைப் பதிவதற்குத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. பதிய வேண்டும் என்று கேட்டால் குத்தகையே போய்விடும் என்ற அச்சமும் உண்டு. நில உடைமைச் சான்றான சிட்டாவைக் கேட்கும் மானியம் இவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கேரளத்தின் குடும்பஸ்ரீ வேறு வழியைக் காட்டியது. அங்கே பெண்கள் சிறு கூட்டுப்பொறுப்புக் குழுக்களாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிரிடுகிறார்கள். சாகுபடிப் பரப்புக்கும் விளைச்சலுக்கும் ஊக்கத்தொகை, வங்கிக் கடனுக்கு வட்டி மானியம் என்று உதவி வருகிறது. பொருளியலாளர் பீனா அகர்வாலின் ஆய்வு, கேரளக் குழுப் பண்ணைகள் தனிநபர் பண்ணைகளை விடக் கூடுதல் விளைச்சல் மதிப்பு ஈட்டியதையும், தெலங்கானாக் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கியதையும் காட்டியது. வாழை, காய்கறி போன்ற பணப்பயிர்களும், அரசும் நபார்டும் தந்த தொடர் ஆதரவும் கேரளத்துக்குக் கைகொடுத்தன. கூட்டாகச் செய்வதாலேயே பயன் வந்துவிடாது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது.

ரொக்கமாகச் சுழல்நிதி கொடுத்தால் கரைந்துவிடும் என்பது அதிகாரிகளின் மறுப்பு. இயந்திரத்துக்கு எண் பொறிக்கலாம், படம் எடுத்துக் கோப்பில் வைக்கலாம், ரொக்கத்துக்கு முடியாது. இந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; அது மிகப் பழையது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலக் கல்வெட்டு (921) ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் தேர்தலிலிருந்து விலக்குகிறது. அந்தச் சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆண்களுக்கே உரியது. அதைக் கிராம மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் பொதுப்பணத்தைக் காக்க, பொருளுக்கு எண் பொறிப்பதைவிடப் பொறுப்பாளரைக் கணக்குக் கேட்பதே வழி என்ற தெளிவு அதில் இருக்கிறது. 20 பேர் குழுவில் வாரந்தோறும் கணக்கை உரக்க வாசித்தால் கையாடல் மறைவது கடினம். 750 பேர் நிறுவனத்தில் ஆண்டுப் பேரவையில் கையெழுத்து மட்டுமே மிஞ்சும்.

20 பேர் அலகு அரசாணையிலேயே இருக்கிறது. காலை உணவுத் திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. வேளாண் துறையும் சமூக நலத் துறையும் சேர்ந்து திருக்கழுக்குன்றம் ஒன்றியத்தில் மட்டுமாவது ஈராண்டுக்கு இதைச் சோதிக்கலாம்: இயந்திரத்துக்குப் பதில் சுழல்நிதி, சிட்டாவுக்குப் பதில் குழுவின் சாகுபடிச் சான்று, பள்ளிக் கொள்முதலில் ஒரு பங்கு. அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையைத் தயாரிப்போர் இதற்கு ஒரு சிறு தலைப்பு ஒதுக்க வேண்டும்.