புஷ்பாவின் புடவை பிறந்த கதை

2023 ஏப்ரல் 7ஆம் தேதி 'புஷ்பா 2' படத்தின் முதல் சுவரொட்டி வெளியானது. நீலமும் சிவப்பும் பூசிய முகம், மூக்குத்தி, கை நிறைய வளையல், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை, உடம்பில் புடவை, கையில் துப்பாக்கி. நாயகன் அல்லு அர்ஜுனை இந்தக் கோலத்தில் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் வாய் பிளந்தார்கள். சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் மே மாதம் கங்கம்மா ஜாத்திரையில் தங்கள் வீட்டு ஆண்களே கட்டுகிற வேஷம் அது.

திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு ஒரு கதை உண்டு. அந்தச் சீமையை ஆண்ட பாளையக்காரன் கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் சீரழித்தான். அவனை ஒழிக்கவே அவிலாலா கிராமத்தில் கங்கம்மா அவதரித்தாள். அவள்மேல் கைவைக்க வந்தவன், அவளுடைய நிஜ உருவத்தைக் கண்டு நடுங்கி எங்கோ போய்ப் பதுங்கிக்கொண்டான். அவனைத் தேடி அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டாள். பைராகியாக வந்தாள், 'பண்ட வேஷம்' என்ற கோலத்தில் வந்தாள், தோட்டியாக வந்தாள், அவன் அசையவில்லை. நான்காம் நாள் துரையாக வந்தாள். தனக்கும் மேலான துரை வந்துவிட்டார் என்று நம்பி வெளியே வந்தவனின் தலை உருண்டது. மறுநாள் மாதங்கி வேஷத்தில் அவன் வீட்டுக்கே போய், தாலி இழந்த அவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னாள். கொன்றவளே துக்கம் கேட்கவும் போகிறாள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த வேஷங்களைக் கட்டும் உரிமை நெசவுக் குலமான கைக்கால வகுப்பு ஆண்களுக்கு. துரை வேஷத்து நாளில் ஓர் ஆண் அம்மனாகிறார். அந்த அம்மனோ ஆண்வேஷம் போட்டிருக்கிறாள். தெருவில் நிற்கும் கிழவிக்குக்கூட இதில் குழப்பம் கிடையாது. தட்டில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறாள்.

மற்ற சாதி ஆண்களும் வேண்டுதலுக்காகப் புடவை கட்டுகிறார்கள். கொசுவம் மடித்துச் செருகுவது பெண்டாட்டி, சவுரி வைத்துப் பின்னல் போடுவது அக்கா, பொட்டு வைத்து முகத்தைத் திருப்பிப் பார்ப்பது அம்மா. மீசையை எடுக்காமலே மை தீட்டிக்கொள்பவர்களும் உண்டு. வெட்கப்படுகிற காரியமாக அந்த வீட்டில் யாரும் இதை நினைப்பதில்லை.

சிரிப்பு இல்லாத திருவிழா என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளை நாமக்கட்டியும் குங்குமமும் கரியும் பூசிக்கொண்டு வரும் வேஷக்காரர்கள் போகிற வருகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் ஏசுவார்கள். ஏச்சு வாங்கியவர் பாக்கியமாக எடுத்துக்கொண்டு சிரிப்பார். கேலியின் திசையைப் பாருங்கள்: வேஷம் போட்டவர் ஊரைக் கேலி செய்கிறார், ஊர் அவரைக் கேலி செய்வதில்லை.

சினிமா நகைச்சுவை இந்தத் திசையைத்தான் திருப்பிவிட்டது. நடையை நெளித்து, கையைத் தட்டி ஒருவர் வருவார். நாயகனின் நண்பன் முகம் சுளிப்பான். ஏளனத்துக்கென்றே வழங்கும் ஓர் எண்ணைச் சொன்னால் போதும், அரங்கம் சிரிக்கும். அந்த எண்ணை வகுப்பறையிலும் பேருந்திலும் கேட்டுக் கூனிக் குறுகிய பிள்ளைகள் எத்தனை பேர்! 2015இல் வெளிவந்த 'ஐ' படத்தில் திருநங்கைப் பாத்திரத்தைக் காட்டிய விதத்தை எதிர்த்துத் திருநங்கையர் சென்னையில் தெருவில் இறங்கியது நியாயமான கோபம்.

'அவ்வை சண்முகி'யை (1996) இதில் சேர்க்க மாட்டேன். கதைக்கரு 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது. பெயர் நம் நாடக மேடையிலிருந்து வந்தது. அவ்வையாராக நடித்தே 'அவ்வை' என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்ட டி.கே.சண்முகம்தான் கமல்ஹாசனுக்கு மேடை ஆசான். மடிசார் மாமி நிமிர்ந்தே நடக்கிறாள்; சமையலறையிலும் கூடத்திலும் அவள் சொல்தான் செல்லுகிறது. அவள் பின்னால் அலைகிற ஜெமினி கணேசனையும் மணிவண்ணனையும் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். ஜாத்திரையின் சிரிப்பும் இதே வகைதான்.

2024 டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தபோது, பெண் குழந்தை வேண்டும் என்று அம்மனிடம் மன்றாடும் புடவைக்காரனைப் பார்த்து அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். பெரிய நாயகன் ஒருவன், பெரும் செலவில் எடுத்த மசாலாப் படத்தில் இதைச் செய்தது எனக்கு நிறைவாக இருந்தது.

அதற்காக ஜாத்திரையை வானளாவப் புகழவும் மனம் வரவில்லை. வேண்டுதல் முடிந்ததும் புடவை பெட்டிக்குள் போகிறது. கட்டியவர் கணவனாக, அப்பாவாக வீடு திரும்புகிறார். அந்தப் புடவையை ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்று பின்னல் போட்ட அதே அக்கா என்ன சொல்வாள்? இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்தப் போகிறேன் என்று மகன் சொன்னால், பொட்டு வைத்த அம்மா? ஜாத்திரையில் அதற்கு ஒரு வேஷமும் இல்லை.

சினிமாவும் அங்கே தயங்கித்தான் நிற்கிறது. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) டேனியல், ஜாக் என்ற ஆண் ஜோடியின் பொறாமையையும் ஊடலையும் காட்டியது. நடிகர் சம்பத் அந்த டேனியலுக்கு நிஜமான வலியைக் கொடுத்திருந்தார். ஆனாலும் படத்தில் பாதிச் சிரிப்பு, அவர்கள் இருவரும் ஆண்கள் என்பதிலிருந்தே பிழியப்பட்டது. மலையாளத்தில் 'காதல் தி கோர்' (2023) மம்மூட்டியைத் தன்பாலின ஈர்ப்புள்ளவராகக் கண்ணியமாகக் காட்டியது. அது நகைச்சுவைப் படம் அல்ல.

நீதிமன்றம் தயங்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இன்னொரு பெண்ணை நேசித்ததற்காக வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட இளம்பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. அப்படியொரு குடும்பத்தில் எடுக்க வேண்டிய நகைச்சுவைக் காட்சிகள் எவ்வளவோ கிடக்கின்றன. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று துருவும் வீட்டுக்காரர், ரேஷன் கார்டில் யாரைக் குடும்பத் தலைவராகப் போடுவது என்று நடக்கும் சண்டை, இரண்டு மாமியார்களும் ஒரே தீபாவளிக்கு வந்து இறங்கும் காலை. இதையெல்லாம் சித்தூர்த் தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சில் யாராவது படமாக எடுக்க வேண்டும். அதில் அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டியது அந்த வீட்டுக்காரரைப் பார்த்து.