மலேரியா (தமிழகக் கிழக்குக் கடற்கரை)

மலேரியா என்பது பிளாஸ்மோடியம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் உண்டாகி, பெண் அனாபிலிஸ் கொசுவின் கடியால் பரவும் தொற்றுநோய். கொசுவின் உமிழ்நீரோடு உடலில் புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பெருகி, பின்னர் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து அவற்றைச் சிதைக்கிறது. அணுக்கள் ஒருசேர உடையும்போதெல்லாம் குளிரும் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் தோன்றுவதால் இது முறைக்காய்ச்சல் எனவும் வழங்கப்பட்டது.

சித்த மருத்துவ நூல்கள் வகுக்கும் சுரங்களுள் எது இந்நோயைக் குறிக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒட்டுண்ணியை 1880இல் லவெரான் அல்ஜீரியாவில் கண்டறிந்தார்; கொசுவின் உடலில் அது வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டார்.

தமிழகத்தில் இந்நோயின் வரலாறு 1930களில்தான் தெளிவு பெறுகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, புதிய கால்வாய் வழியாகக் காவிரி நீர் பட்டுக்கோட்டை வட்டாரத்தின் வறண்ட நிலங்களை அடைந்தபோது, பயிரோடு மலேரியாவும் வந்தது. ராக்கபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்குத் தங்கி ஆராய்ந்து, பாசனத்தைக் காட்டிலும் அதன் சீர்கேடே, அதாவது கரை கசிந்து தேங்கிய நீரும் மண்ணெடுத்த குழிகளுமே, நோய்க்குக் காரணம் என வாதிட்டார். அக்காலக் கணக்கெடுப்பின் எளிய கருவி மருத்துவரின் விரல்களே: சிறுவரின் இடது விலாவின் கீழ் தடவி, வீங்கிய மண்ணீரல் தட்டுப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கொண்டே ஓர் ஊரின் நோய்நிலை அளக்கப்பட்டது. பைரித்ரம் என்னும் பூச்சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து குடிசைகளுக்குள் தெளித்து, சுவரில் அமர்ந்திருக்கும் கொசுக்களைக் கொல்லும் முறையும் அங்குச் சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது, டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி வருவதற்கு முன்பே இது நிகழ்ந்தது என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

எண்ணூர் முதல் நெல்லூர் வரையிலான கடற்கரையையும் ரஸ்ஸல் குழுவினர் ஆராய்ந்தனர். பழவேற்காடும் அதன் ஏரிக்கரை ஊரான சுண்ணாம்புக்குளமும் இப்பரப்பில் அடங்கும். பழவேற்காட்டு உப்பு ஏரி அருகிலேயே இருந்தும், முக்கிய நோய்பரப்பியான அனாபிலிஸ் குலிசிபேசிஸ் நல்ல நீரையே நாடுவது. இத்தகைய மணற்பாங்கான கரைகளில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றத் தோண்டப்பட்ட குழிகள் அதற்கு வாய்ப்பாயின: ஓர் ஆள் குடத்தோடு சரிந்து இறங்கக்கூடிய ஆழத்தில் மணல்வழி ஊறிய நீர் தெளிந்து நிற்கும். இராமேசுவரம் தீவிலும் இவ்வகைக் குழிகளே கொசுக்களை வளர்த்தன. உவர்நீரிலும் வளரும் அனாபிலிஸ் சப்பிக்டஸ் நீண்டகாலம் தீங்கற்றதாகக் கருதப்பட்டது. புதுச்சேரி அருகே மீனவ ஊர்களில் செய்த ஆய்வு அதையும் நோய்பரப்பி எனக் காட்டினாலும், பிற இடங்களில் அதன் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1960களின் நடுவில் நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்திருந்த நோயாளர் எண்ணிக்கை, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. சென்னையில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி நோயை நிலைநிறுத்தியது. 2030க்குள் மலேரியாவை அகற்றுவது இந்திய அரசின் இலக்கு. அண்டை நாடான இலங்கை 2016 செப்டம்பரிலேயே மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.