கடையில் அமரும் முன் கற்க வேண்டிய இரண்டு பாடங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் வணிக மேலாண்மையில் தொடக்கநிலைச் சான்றிதழ் படிக்க விரும்பினால், "கடையில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும், இதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. நம் வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மார்க்க விளக்கம் பெறாதவர் மதீனாவின் கடைத்தெருவில் விற்பனை செய்யலாகாது என ஆணையிட்டதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளது. வட்டி, அளவை மோசடி, ஏமாற்று வணிகம் ஆகியவற்றை அறியாதவர், தாம் அறியாமலேயே ஹராமில் விழுவார் என்பதால் விதிக்கப்பட்ட நுழைவுத் தகுதி அது.

தொழில் நுட்பத்தையும் நம் முன்னோர் ஏட்டில் எழுதிக் கற்பித்தனர். அபுல் ஃபள்ல் ஜஅஃபர் அத்திமஷ்கீ எழுதிய 'அல்இஷாரா இலா மஹாசினித் திஜாரா' என்னும் வணிக நூல் எண்ணூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அது வணிகர்களை மூவகையாகப் பிரிக்கிறது. சரக்கு மலிந்திருக்கும்போது வாங்கி வைத்து, அரிதாகும்போது விற்பவர் முதல் வகையினர். அவர் மொத்தமாக வாங்காமல் தவணை தவணையாக வாங்க வேண்டும் என்கிறது நூல். ஊர் ஊராகச் செல்பவர் இரண்டாம் வகையினர். அவர் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும், சுங்கச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகையினர் தம் ஊரில் இருந்தபடியே வெளியூருக்குச் சரக்கு அனுப்புபவர். அவருக்கு அங்கே நம்பகமான முகவர் தேவை. இருப்பு, விலை நிர்ணயம், முகவர் எனும் இந்தப் பாடங்களையே இன்றைய தொடக்கநிலை மாணவரும் படிக்கிறார்.

ஆனால் முதல் வகையினரைச் சற்றுக் கவனிப்போம். அவரது உத்தி எல்லை மீறினால் பதுக்கலாகிவிடும். பதுக்கலைப் பாவம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்). எங்கே நிறுத்த வேண்டும் என்பதை உத்தி மட்டும் கற்றவர் அறியார். சட்டம் மட்டும் கற்றவருக்கோ கணக்கேட்டை நடத்தத் தெரியாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு ஏவும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று வாய்ப்புகள் அருகிலேயே உள்ளன. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கணக்கியலில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை நடத்துகிறது. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. முதல் 4 மட்டங்கள் சான்றிதழ்கள், அடுத்த இரண்டும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்திற்கு நிகரானது. ஆகவே கீழ்ப்படி என்பது இழிவன்று. மேலே ஏறுவதற்கான வழி அதுவே.

பகலில் அந்த வகுப்புக்குச் செல்லும் பிள்ளை, மாலையில் மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடத்தையும் ஓதட்டும். இரண்டையும் கற்றவரிடம் கடைச் சாவியை அச்சமின்றி ஒப்படைக்கலாம். நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை வல்ல அல்லாஹ் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக! ஆமீன்.